குரலுக்குக் குரல்

இன்று சாயங்காலம் மின்சாரம் போனது. மழைக்காலத்தில் இந்தத் தீவில், அதுவும் பெரார்கஞ்சில், இது ஒரு சேதியே இல்லை என்பது உனக்குத் தெரியும். சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு அடுப்படியில் வந்து நின்றேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் புதிதாக ஒரு ஜெனரேட்டர் இறக்கியிருக்கிறார். அதை ஓடவிட்டார். காதுக்கு எட்டும் முன்பே பாதத்துக்கு எட்டுகிற சத்தம் அது. ஒரே சுருதி, அதுவும் கீழ்ச் சுருதி. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

கூடத்தில் படுத்திருந்த உன் அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏத்தா, கொட்டகையிலயா இருக்கா அவ? சோறு தின்னுட்டுப் போகச் சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மின்சாரம் வருகிற வரை தம்ளர்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. எனக்கு உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. பேச வழியில்லாததால் எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு நான் கப்பலில் வந்து இறங்கியபோது நீ பள்ளிக்கூடம் முடிக்கும் வயது. நாத்தனார் என்றால் எப்படி இருப்பாள், எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று ராமநாதபுரத்தில் எனக்கு நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றுகூட உன்னிடம் பயன்படவில்லை. நீ அதிகம் பேசமாட்டாய். பேசினால் குரல் கனத்து, தரையோடு தரையாக வரும். "கல்லை முழுங்கிட்டுப் பொறந்தவ" என்பார் உன் அம்மா, என் அத்தை. 

அந்தக் கல்லுக்குச் சம்பளமும் கிடைத்தது என்று உன் அண்ணன் கேலி செய்வார். கப்பல் டிக்கெட் கொடுக்கும் இடத்தில் உனக்கு வேலை. மைக்கில் அறிவிப்பதும் உன் தலையில் விழுந்தது. கடல் மோசமான நாட்களில் திக்லிபூர் கப்பல் இல்லை, லாங் ஐலண்ட் கப்பல் இல்லை என்று இந்தியில் சொல்ல வேண்டும். வேறு யாராவது அறிவித்தால் மூட்டையும் குழந்தையுமாகக் காத்திருந்தவர்கள் கவுன்ட்டரைப் பிடித்து உலுக்குவார்களாம். நீ அறிவித்தால் ஒருவரும் வாய் திறக்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம்.

அப்படி ஒருநாள் ஊருக்குப் போக முடியாமல் நின்றவன்தான் தபன். திக்லிபூர் வங்காளி, டிரம் அடிக்கிறவன். எல்லோரும் போன பிறகு கவுன்ட்டருக்கு வந்து, அக்கா என்று கூப்பிட்டு, "தீதி, நீங்க பாடுவீங்களா?" என்று இந்தியில் கேட்டானாம்.

"கப்பல் இல்லன்னுதானே சொன்னேன். அதுல என்ன பாட்டைக் கண்டே?" என்று நீ கேட்டாய்.

"நீங்க சொன்னதைக் கேட்டதும் இனிமே எந்தக் கப்பலும் எப்பவும் வராதுன்னு தோணிடுச்சு, தீதி. எங்க பேண்டுக்கு அந்தக் குரல்தான் வேணும்."

இதை நீ வீட்டில் வந்து சொன்னபோது அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறியது நினைவிருக்கிறதா? அன்றைக்கு அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வயரிங் வேலை பார்க்கிற சாஜன் கித்தார். தபன் டிரம். நீ பாட்டும் பாஸ் கித்தாரும். நம் பாக்குக் கொட்டகையில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கிக்கொண்டீர்கள். மூட்டை சத்தத்தைக் குடித்துக்கொள்ளும் என்று சாஜன் சொன்னான். எங்கே குடித்தது? முதல் நாளே அடுப்படித் தம்ளர்கள் ஆட ஆரம்பித்துவிட்டன. நான் பயந்துபோய் ஓடி வந்து பார்த்தேன். பூமி ஆடி, தண்ணீர் ஏறிவந்த ஊர் இது; தம்ளர் நடுங்கினால் யாருக்கும் வெளியே ஓடத்தான் தோன்றும். நீ அந்தத் தடித்த நாலு தந்தியில் ஒன்றை மட்டும் தட்டிவிட்டுக் கண்ணை மூடி நின்றாய்.

"இது என்ன பாட்டு?" என்றேன்.

"டூம் மெட்டல் அண்ணி."

"அப்படீன்னா?"

"முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"ஆரம்பிக்கவே இல்லையேம்மா."

தபனுக்குத் தமிழ் தெரியாது; ஆனாலும் நான் கேட்ட விதத்தைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தான். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு மறுபடி அந்த ஒரே தந்தியைத் தட்டினாய்.

கேட்கக் கேட்கத்தான் பழகியது. தபன் ஒரு அடி அடிப்பான். அடுத்த அடி வருவதற்குள் நான் ஒரு வெங்காயத்தை உரித்துவிடலாம். தந்திகளைத் தளர்த்தி, தளர்த்தி, சுருதியைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருப்பீர்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் உலை கொதித்துச் சோறு பொங்கிவிடும். ஏன் இத்தனை மெதுவாகப் போகிறது என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "துக்க வீட்டுக்குப் போறவங்க ஓடிக்கிட்டா போறாங்க? வேகமாப் போனா பின்னால வர்றவங்களால சேர்ந்து வர முடியாது அண்ணி."

நான் எட்டாவதோடு நின்றவள். பாட்டு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கோவில் ஒலிபெருக்கியிலும் ரேடியோவிலும் கேட்டுக் கேட்டு, எழுதி வைத்து, துவைக்கும்போதும் அரைக்கும்போதும் பாடிப் பாடிப் பழகியது. அதை வைத்துக்கொண்டு முருகன் கோவில் வெள்ளிக்கிழமை பஜனையில் முன்பாட்டுக்காரி ஆகிவிட்டேன். நான் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் பெண்கள் எல்லோரும் வாங்கிப் பாடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருடைய மருமகளும் இல்லை, யாருக்கும் சமைத்துப் போடுகிறவளும் இல்லை. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் உன் பாட்டுகளின் சொற்களை நான் உன்னிப்பாகக் கேட்டேன். தபனும் சாஜனும் அர்த்தம் தெரியாமலே வாசித்தார்கள். "மத்லப் மத் பதாவோ தீதி, ரோனா ஆயேகா" என்பான் தபன். அர்த்தம் சொல்லாதீங்க, அழுகை வந்துடும் என்று.

யானைப் பாட்டு மாமா, உன் அப்பா, சொன்ன கதையிலிருந்து வந்தது. மாமா காட்டு மரம் வெட்டுகிற கம்பெனியில் கூலியாக இருந்தபோது கேட்டது. கம்பெனி மூடியதும் யானைகளைக் காட்டிலேயே விட்டுவிட்டார்கள். அதில் ஒன்று விடிந்ததும் மரம் இறக்கும் கரைக்கு வந்து நிற்குமாம். ஏவுவதற்கு ஆள் இல்லை. கட்டை இல்லை. கப்பல் இல்லை. வெயில் ஏறும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போகுமாம். உன் பாட்டில் இந்தக் கதைகூட இருக்காது. நிற்பது மட்டும்தான் இருக்கும். அந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு ஒரு பெரிய உடம்பு மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

இன்னொன்று, நிலம் அமிழ்ந்து கடல்தண்ணீர் ஏறிய வயல்களைப் பற்றியது. பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோமே, தண்ணீருக்கு நடுவில் பட்டுப்போய் வெள்ளை வெளேரென்று நிற்கிற மரங்கள். அதைப் பார்த்து எழுதினாய்:

உப்பு என் வேரைத் தின்றது
நான் இன்னும் நிற்கிறேன்
விழச் சொல்ல ஆளில்லை

இதைப் பாட நீ எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் ஒரு பதிகத்தையே முடித்துவிடுவேன்.

நாம் சண்டை போட்டதும் இதைப் பற்றித்தான். விளக்கு எரிகிற வீட்டில் சாவையும் அழிவையும் வாயால் சொல்லக் கூடாது, சொன்ன சொல் பலிக்கும் என்றேன் நான். வெயிலில் பாக்கு கிளறிக்கொண்டே நீ சொன்ன பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

"உங்க பாட்டுல மட்டும் என்ன இருக்கு அண்ணி? எலும்பு, சாம்பல், சுடுகாடு, எமன், எருமை, கயிறு. எல்லாம் அதேதான். கடைசி அடியில முருகன் வந்து காப்பாத்திடுறான். என் பாட்டுல அந்தக் கடைசி அடி இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்தக் கடைசி அடிக்காகத்தானே பாடுறோம்?"

"எல்லாருக்கும் அது வர்றதில்லையே அண்ணி. வராதவங்களுக்கும் யாராவது பாடணும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னது பொய்யும் இல்லை. உன் கவுன்ட்டரில் நீ அன்றாடம் பார்த்தவர்கள் அவர்கள்தானே. பெரிய ஆஸ்பத்திரிக்கு மெயின்லேண்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள், அவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், பிறகு தனியாகத் திரும்பி வருகிறவர்கள்.

அந்த வரிசையில் நீயும் நின்றாய். மார்பில் கட்டி. சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும் முன்பு அத்தை கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று அப்போது சொல்லவில்லை. நீ போய், மொட்டைத் தலையோடும் ஒரு பக்கம் ஒட்டிப்போன ரவிக்கையோடும் திரும்பி வந்து, டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லி, முடி கொஞ்சம் முளைத்த பிறகு ஒருநாள் நீ கொட்டகைப் பக்கம் போனாய். அத்தை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"உள்ள போகாத. அந்தச் சாவுப் பாட்டை முருகன் காலடியில போட்டுட்டேன். என் மக பிழைச்சு வந்தா இனிமே அது அவ வாயில வராதுன்னு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன்."

"என்னைக் கேக்காமயா?"

"உசுரக் கேக்கப் போனேன். உன்னைக் கேட்டுக்கிட்டா நிப்பேன்?"

பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளும் தாய் பிள்ளையைக் கேட்டா வேண்டுகிறாள்? நம் பக்கத்தில் இது வழக்கம்தான். ஆனால் முடி முளைத்துவிடும்.

நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீ போடவில்லை. கிணற்றடியில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல அண்ணி. ஆனா நான் பாடி, அப்புறம் மறுபடி வந்துச்சுன்னா, அம்மா என்ன நினைக்கும்? என் வாயாலயே என்னைக் கொன்னுக்கிட்டேன்னு நினைக்கும். அதோட எப்படி அண்ணி அது உசிரோட இருக்கும்?"

அதனால் வாயை மூடிக்கொண்டாய். தபனும் சாஜனும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். நீ பாஸ் மட்டும் வாசித்தாய். பாட்டு வரவேண்டிய இடத்தில் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொள்வீர்கள். வேலைக்குப் போனாய், வந்தாய், மாத்திரை சாப்பிட்டாய். மைக்கில் அறிவிப்பதையும் வேறு ஆளிடம் தள்ளிவிட்டாய். மகள் தேறிவிட்டாள், தேறிவிட்டாள் என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ, பட்ட மரத்துக்குச் சோறு போடுவதுபோல் இருந்தது.

நான் எந்தக் கணக்கையும் நேர் செய்யாமல் தூங்கப் போகாதவள். கோவிலுக்குப் போய் குருக்களிடம் கேட்டேன், ஒருவர் வேண்டுதலை இன்னொருவர் மேல் மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று.

"ஏன் இல்லாம? நோயாளிக்குப் பதிலா சொந்தக்காரா காவடி எடுக்கறதில்லையா? மாத்திக் கட்டலாம்மா. ஆனா சாமிகிட்ட பித்தளைய வச்சுட்டுப் பொன்னைத் திருப்பி வாங்கக் கூடாது. எடைக்கு எடை இருக்கணும்."

எடைக்கு எடை என்றால் குரலுக்குக் குரல். என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும் அத்தையைச் சந்நிதிக்கு முன்னால் நிறுத்தினேன். "முருகா, அவளை விட்டுவிடு. அவளுக்குப் பதிலாக நான் இனிப் பாடமாட்டேன். கோவிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை" என்றேன். அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் என்ன கொடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்று வாங்கிப் பாடுகிறவரில் அவர் குரல்தான் உரத்தது. மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து, என் பெயரைச் சொல்லி, மறுபடி முடிந்தார். பல்லால் கடித்து இறுக்கினார்.

கேள்விப்பட்டு நீ சாமி வந்தவள்போல் கத்தினாய். "உங்களை யாரு கேட்டா? எனக்காக எதையாச்சும் விடணும்னா சீனியை விடுங்க, உடம்புக்காவது நல்லது! அம்மா என் வாயைக் கட்டுனா, நீங்க உங்க வாயைக் கட்டிக்கிறீங்க. இந்த வீட்டுல யாருக்காவது புத்தி இருக்கா?" கொட்டகைப் பக்கமே போகமாட்டேன் என்று அடம்பிடித்தாய். வெள்ளிக்கிழமை நான் கோவிலில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வருவதை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் நான்தான் சொன்னேன்: "நான் கொடுத்தது கொடுத்ததுதான். திரும்பி வராது. நீயும் பாடாம இருந்தா ரெண்டு குரலும் வீணு."

"உங்களுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாய். அன்றைக்குத் தம்ளர்கள் ஆடியபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உன் குரல் வந்தது. முன்பைவிடக் கீழே. அறுத்து எடுத்த இடத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

போர்ட் பிளேரில் நீங்கள் மேடையேறியது அதற்குப் பிறகுதான். சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவில் உங்களுக்கு ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். நீங்கள் யானைப் பாட்டை ஆரம்பித்தீர்கள். அது ஆரம்பித்துவிட்டது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "சவுண்ட் டெஸ்ட் நடக்குது" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளுக்கு விளக்கம் சொன்னார். பஜ்ஜிக் கடைப் பக்கம் கூட்டம் நகர்ந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "அப் கோயி ஃபாஸ்ட் நம்பர் ஹோ ஜாயே!" என்று வேகப் பாட்டு ஒன்றுக்குக் கெஞ்சினார். தபன் அவரைப் பார்த்துக்கொண்டே, இன்னும் மெதுவாக அடித்தான்.

ஆனால் போகாமல் நின்றவர்களையும் நான் பார்த்தேன். வயதான ஒருவர், காரென் இனத்தவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இடுப்பில் குழந்தையோடு ஒரு தெலுங்குப் பெண் முடியும் வரை அசையவே இல்லை. உன் சொற்கள் அவர்கள் யாருக்கும் புரிந்திருக்காது. 

திரும்பி வரும்போது அத்தை காதுப் பஞ்சை எடுத்தார். "ஒரு பாட்டுக்குள்ள ஒரு வண்டித் துணி துவைச்சிடலாம் போலயே" என்றார். நீ அவர் தோளில் சாய்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு குரல் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

அது மறுபடி வந்தது. இந்த முறை எலும்பில். மெயின்லேண்டுக்குப் போய்ப் பயனில்லை என்று இங்கே ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மைக்கில் ஊருக்கெல்லாம் சொன்ன 'கப்பல் இல்லை' கடைசியில் உனக்கே வந்துவிட்டது என்று படுக்கையிலிருந்து நீயே சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான்தான் வெளியே போய் நின்றேன்.

ஒரு மத்தியானம். அத்தை சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை. ஊசி போட்டும் உனக்கு வலி அடங்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

"அண்ணி, ஒரு பாட்டுப் பாடுங்க."

"உன் பாட்டா?"

"இல்ல. உங்க பாட்டு. கடைசி அடியோட."

உன் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பாட்டு வாய் வரைக்கும் வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அன்று நான் வாயைத் திறந்திருந்தால், நீ போகப் போகிறாய் என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னதாகும். முருகனிடம், போதும், எடுத்துக்கொள் என்று சொன்னதாகும். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

நீ முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாய். பிறகு கேட்டாய்: "இன்னும் நம்புறீங்களா?"

"நம்புறேன்."

"அப்ப பாடாதீங்க."

முந்தானையை விடவில்லை. அதைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாய். உனக்கு நம்பிக்கை இல்லாத ஒன்றை எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தாய். இன்றைக்கு அதே அறை, அதே மழை என்றாலும் நான் அப்படித்தான் இருப்பேன். ஆனால் அந்த மத்தியானத்தின் வலி எனக்கு இன்னும் குறைந்தபாடில்லை. கடைசி அடி வராதவர்களுக்காகப் பாடியவள் நீ. நீ கேட்டபோது அது உனக்கும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அத்தையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அத்தை நேராக வார்டுக்குள் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"நீ பாடியிருக்க."

"இல்ல அத்தை."

"குளிக்கையில, துவைக்கையில, உன்னை அறியாம முணுமுணுத்திருப்ப. இல்லாட்டி எப்படித்தா வரும்? முடிச்சு உன் பேருல இருந்துச்சு. முருகன் பொய் சொல்வானா? நீதான் எங்கயோ வாயைத் திறந்திருக்க!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நான் சத்தியம் செய்தேன். அவர் கேட்கவில்லை. பெற்ற வயிற்றுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. முருகனைச் சொல்ல முடியாது, உன்னைச் சொல்ல முடியாது, மிஞ்சியது நான். கட்டிலில் இருந்து உன் குரல் வந்தது. தேய்ந்துபோயிருந்தாலும் அதே கனம்.

"அம்மா. அண்ணி பாடல. நானே கேட்டேன். அப்பவும் பாடல."

உன் அம்மா உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவர் நம்பினாரா என்று உனக்குத் தெரியாமலே போயிற்று. அதற்குப் பிறகு உனக்கு யாரையும் பார்த்துப் பேசும் தெளிவு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அத்தை என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் உன் அண்ணனிடம் கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் நான் தனியாகவே கோவிலுக்குப் போனேன். அவர் அந்தப் பக்கமே போவதை நிறுத்திவிட்டார். பஜனைப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். யாருக்காக விட்டாயோ அவளே இல்லை, இனி என்ன தடை, முன்பாட்டு இல்லாமல் தத்தளிக்கிறோம் என்றார்கள். குருக்களும் அதையே சொன்னார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் உன் வருஷத் திவசம். ஐயர் போன பிறகு தபனும் சாஜனும் வந்தார்கள். திக்லிபூரிலிருந்து ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்திருக்கிறான் தபன், கண் சிவந்திருந்தது. "பாபி, ஒரு பாட்டு மட்டும் வாசிச்சுட்டுப் போறோம்" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டான். அத்தை என்ன சொல்வாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர், "போய் வாசிங்கப்பா. மூட்டையெல்லாம் ஓரமா நகர்த்திக்கங்க" என்றார்.

மரப் பாட்டை வாசித்தார்கள். நீ பாடுகிற இடம் வந்தபோது இரண்டு பேரும் அந்த இடத்தை அப்படியே விட்டார்கள். சாஜன் தந்தியைத் தொடவில்லை. தபன் அந்த ஒற்றை அடியை மட்டும் அடித்துவிட்டு, காத்திருந்து, மறுபடி அடித்தான். கொட்டகை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் அம்மா என்னிடம் கேட்டார், ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகம் பார்த்து: "இந்த எடத்துல அவ என்ன சொல்லுவா?"

பாடாமல், பேச்சாகச் சொன்னேன். உப்பு வேரைத் தின்றதையும், இன்னும் நிற்பதையும், விழச் சொல்ல ஆளில்லாததையும். 

அத்தை அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாட்டு முடிந்து, பையன்கள் சாப்பிட்டுப் போன பிறகு என்னிடம் வந்தார். "வேண்டுனது நான். அவுக்கிறதும் நானாத்தான் இருக்கணும். வெள்ளிக்கிழமை வர்றேன், முடிச்சை அவுத்துடுறேன். நீ பாடுத்தா."

"வேண்டாம் அத்தை. கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குறது?"

"அவளே போயிட்டாளே. என்னத்தைக் குடுத்தான் அவன், நீ இப்படிக் கட்டிக்கிட்டுக் கெடக்க?"

"அவ பாடினாள்ல அத்தை. அதுக்குத்தானே கொடுத்தேன்."

அவர் பையன்கள் சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

நேற்று வெள்ளிக்கிழமை. நான் கிளம்பும்போது அவரும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கோவிலில் முடிச்சை அவிழ்க்கப் போகாமல் என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். பெண்கள் ஆரம்பித்தார்கள். யாரோ ஒருத்தி சுருதி சேராமல் முன்பாட்டு எடுத்தாள். எல்லோரும் வாங்கிப் பாடினார்கள். உன் அம்மாவின் குரல் வரவில்லை. அவருக்குக் கேட்கவில்லையோ என்று முழங்கையால் இடித்து, பாடுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் சந்நிதியைப் பார்த்தபடியே மறுத்துத் தலையை ஆட்டினார். உதடுகள் இறுக மூடியிருந்தன. கடைசிப் பாட்டு முடிந்து தீபாராதனை காட்டும் வரை அவர் அதைத் திறக்கவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை. இனியும் பேசமாட்டார்.

உன் பாட்டுகள் தபனிடமும் சாஜனிடமும் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் இருப்பது மூடிய வாய் மட்டும்தான். நேற்றிலிருந்து அதை நாங்கள் இரண்டு பேர் சுமக்கிறோம்.